சும்மா சுற்றும் சக்கரம்

“ஹலோ… ஹலோ… தம்பானூர் ஐஸ் கம்பெனியா?… ஆமா, ஆமா, மில்லுதான். சாலைக்கடை அழகியநம்பி அரிசி மில்லு… என்னது, பின்னால ஒரு சத்தமா? அந்தச் சத்தத்துக்காகத்தான் வே கூப்பிடுகேன்… தாசையன் இருக்கானா? உங்க என்ஜின் பாக்குத தாசையன்… ஆமா, புதுசா வந்தவன். உங்களுக்குப் புதுசு… கொஞ்சம் கூப்பிடும்… அவசரமா? சேச்சே, ஒரு அவசரமும் இல்ல. ஓடிப்போயி கூப்பிடும்.”

அழகியநம்பிப் பிள்ளை ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறரைக் காக்கவைத்தே பழகியவருக்குக் காத்திருப்பது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத காரியம். உட்கார்ந்தார், எழுந்தார், மேசைமேல் இருந்த பேனாவை மூடினார், திறந்தார். ஆபீஸ் அறைக்கும் என்ஜின் ஷெட்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அதற்கு அந்தப்பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கீய்ங். பிறகு ஒரு மூச்சு விட நேரம். மறுபடியும் கீய்ங். எட்டு நாளாக அவர் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் பத்மநாபசுவாமி சந்நிதியில் கண்ணை மூடி நிற்கும்போதும் அதே கீய்ங்தான் காதில் கேட்டது.

அவருக்குக் கேட்டால் பரவாயில்லை. பின்வீட்டு ரிட்டயர்ட் தாசில்தாருக்கும் கேட்டுவிட்டது. மில் சக்கரம் கத்துவதால் காலை ஜபம் கெடுகிறது, வீட்டு அம்மாளுக்குத் தலைவலி, பசு பால் கறக்க விடமாட்டேன் என்கிறது என்று மூன்று தாளில் பெட்டிஷன் எழுதி முனிசிபாலிட்டியில் கொடுத்துவிட்டார். இன்றைக்குப் பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் நேரில் வருகிறார். அரை மணி நேரம் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பார். கத்தல் உண்மைதான் என்று அவர் எழுதிவிட்டால் மில்லுக்குப் பூட்டு. பூட்டைத் திறக்க எத்தனை மாதம் ஆகும் என்று சர்க்கார் ஆபீஸான ஹஜூர் கச்சேரியில் யாருக்கும் தெரியாது. பதினாறு பெண்கள் அந்த மில்லை நம்பி முறம் பிடிக்கிறார்கள். சுவர்க்கடிகாரம் பத்தேகால் காட்டிற்று.

“…ஹலோ, தாசையா?… நான்தான்… நான்தான்னா நான்தான். மொதலாளி… சொகமா இருக்கியா?… ம்… இங்கயும் சொகந்தான்… ஒண்ணுமில்ல, சும்மாத்தான். டெலிபோன் வச்சு மூணு மாசம் ஆச்சு, யார்கிட்டயாவது பேசுவோமேன்னு… ஐஸ் கம்பெனி குளுகுளுன்னு இருக்குமே… ஆமா, ஆமா… சளி புடிக்காம பாத்துக்க…”

குடை வாங்கப் போனால் முதலில் வேட்டி விலை கேட்பவர் அவர். தேவை எது என்று எதிராளிக்குத் தெரிந்த நிமிஷமே வியாபாரம் தோற்றுப்போகும் என்பது அவருடைய தகப்பனார் வடசேரிச் சந்தையில் வைத்து அவருக்குக் காதைத் திருகிப் புகட்டிய பாடம். அந்தப் பாடத்தை மறக்காமல் அவர் ஐஸ், சளி, தம்பானூர் ஸ்டேஷனில் கூட்டம் என்று சுற்றிக்கொண்டிருக்க, பலகைக்கு அந்தப்பக்கத்துச் சக்கரம் விஷயத்தை நேராகப் போட்டு உடைத்துவிட்டது.

“…என்ன சத்தமா?… எந்தச் சத்தம்?… ஓ, அதுவா. அது இங்க ரோட்டுல ஒரு வண்டி… இல்ல தாசையா… ஏ, வச்சிராத. வச்சிராத, சொல்லுகேன்… நம்ம மில்லுதான். சக்கரந்தான். எட்டு நாளா கத்துகு… ராஜமணிதான் இப்பம் என்ஜின் பாக்கான்… தெரியும், தெரியும், அவன் ஸ்பானரை அகப்பை மாதிரி பிடிப்பான், தெரியும்… பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வாறாரு. கேட்டாருன்னா பூட்டிருவாரு… நீ வரவேண்டாம்… வரமாட்டேன்னு நீ சொல்லுததுக்கு முன்னாலயே நான் வரவேண்டாம்னு சொல்லியாச்சு. அங்கன இருந்தே சொல்லு. நான் கேக்கேன்.”

பன்னிரண்டு வருஷம் அந்த என்ஜினோடு இருந்தவன் தாசையன். மார்த்தாண்டத்துக்காரன், கிறிஸ்தவன், பேச்சு குறைவு, காது கூர்மை. ஆயுதபூஜை அன்றைக்குப் பிள்ளை எல்லோர் முன்னிலையிலும் ஒரு திட்டுத் திட்டினார். மறுவார்த்தை பேசாமல் ஷெட் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனவன்தான். ஒரு மைல் தூரத்தில் தம்பானூரிலேயே வேலைக்குச் சேர்ந்தும் விட்டான். அன்றுமுதல் பிள்ளை அவன் பெயரை வாயால் சொன்னதில்லை. பெயரைச் சொல்லாமலே ஒருவனை நாள்முழுக்கத் திட்டலாம் என்பதை மில்லில் எல்லோரும் அந்த எட்டு நாளில் தெரிந்துகொண்டார்கள்.

“…என்ன, சத்தத்தக் காட்டணுமா?… டெலிபோன்லயா?… இரு, இரு. வயர் எட்டாது… அய்யரே, மேசைய அந்தப்பக்கம் பிடியும். டெலிபோன் விழுந்திராம… ஆமா, பலகைகிட்ட… லேய் ராஜமணி, அந்த ஜன்னலைத் திற… தாசையா, கேளு. இன்னா பிடிக்கேன்.”

கணக்குப்பிள்ளை பஞ்சாபகேசய்யர் மேசையின் ஒரு பக்கத்தையும் பிள்ளை மறுபக்கத்தையும் பிடித்து இழுத்து, சின்ன ஜன்னல் வழியாக ரிசீவரை என்ஜின் ஷெட்டுக்குள் நீட்டினார்கள். பிள்ளை நீட்டிய கை நீட்டியபடி, குழந்தைக்கு நிலாக் காட்டுகிற மாதிரி ரிசீவரை மேலே தூக்கி, அப்படியும் இப்படியும் திருப்பினார். முறத்தோடு நின்ற பெண்கள் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவள் ஞானபாய் மட்டும் சிரிக்கவில்லை.

“…கேட்டுதா?… ம்… ம்… பூனைக்குட்டி மாதிரிதான் இருக்கும். எனக்குப் புலி மாதிரி கேக்கு… என்ன எண்ணணும்?… கீய்ங்… கீய்ங்… ஆமா, சக்கரம் ஒரு சுத்துக்கு ஒரு தடவ. தப்பாம… பெல்ட்டா? பெல்ட்டு வழுக்குதுன்னுதான் ராஜமணி சொன்னான். பிடிமானத்துக்குக் குங்கிலியம் பொடிச்சுப் போட்டோம்… ஒரு ராத்தல்… சிரிக்காத… ஒரு ராத்தல்தான். மில்லு பூராவும் சந்நிதி மாதிரி மணக்கு, கத்தல் மட்டும் நிக்கல்ல… பொறவு பெல்ட்டு தொய்வா இருக்குன்னு ரெண்டு விரக்கடை வெட்டி இறுக்கித் தச்சோம்… ஆமா, வெட்டினோம்… தாசையா?… ஹலோ?… இருக்கியா?… அதுக்குப் பொறவு கொஞ்சம் சுதி ஏறிச்சு, அவ்வளவுதான்.”

மறுமுனையில் என்ன நடக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். என்ஜினில் யாராவது கிறுக்குத்தனமாகக் கைவைத்தால் தாசையன் வாயை இறுக மூடிக்கொண்டு கூரையைப் பார்ப்பான். இப்போது ஐஸ் கம்பெனிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

“…ஸாரே, கழிஞ்ஞில்லா. கழிஞ்ஞில்லா… எக்ஸ்சேஞ்சுதான் தாசையா, நடுவுல வந்து பேசி முடிஞ்சாச்சா, கழிஞ்ஞோ கழிஞ்ஞோங்கான்… ஸாரே, ஒரு பத்து மினிட்டு கூடி. மில்லின்டே காரியமாணு… ஆங்… தாசையா, நீ சொல்லு… தண்ணியா? பெல்ட்டு மேலயா?… உள்பக்கம்… செரி. லேய் ராஜமணி, ஒரு கை தண்ணி எடுத்து பெல்ட்டுல தெளி. உள்பக்கம்லேய், உள்பக்கம். உன் வேட்டிய தூக்கிக் கட்டிக்க, அது புடிச்சு இழுத்துட்டுப் போயிரும்… தெளிச்சாச்சு… கத்துகு… கொறையவும் இல்ல கூடவும் இல்ல… அப்பம் பெல்ட்டு இல்லியா? அய்யோ பாவம், அதப் போயி ரெண்டு விரக்கடை வெட்டினேனே…”

“…என்ன?… அரைக்கும்போதா?… அரைக்கும்போது கத்தாது. நெல்லு கொட்டி மில்லு ஓடும்போது சத்தமே இருக்காது. சும்மா நிக்கும்போதுதான் கத்தும். நம்ம அய்யரு மாதிரி.”

பஞ்சாபகேசய்யர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மில்லின் மேல் உத்தரத்தில் ஓடுகிற இரும்புத் தண்டில் இரண்டு சக்கரங்கள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல இருந்தன. ஒன்று தண்டோடு ஆணியடித்த மாதிரி இறுகியிருக்கும். பெல்ட் அதன்மேல் இருந்தால் தண்டு சுழன்று மில் ஓடும். மற்றொன்று, உள்ளே புஷ் என்கிற பித்தளை வளையத்தோடு, தண்டின்மேல் மோதிரம் மாதிரி தளர்வாகக் கிடக்கும். நெல் வராத நேரத்தில் மரக்கைப்பிடியால் பெல்ட்டை இதன்மேல் தள்ளிவிட்டால், என்ஜின் பாட்டுக்கு ஓடும், சக்கரம் பாட்டுக்குச் சும்மா சுற்றும், தண்டு அசையாது. தாசையன் அதை லூஸ் புல்லி என்பான். பிள்ளை அதைப் பற்றி இதுவரை யோசித்ததே இல்லை. வேலை செய்யாமல் சுற்றுகிற ஒன்றைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரமில்லை.

“…லூஸ் புல்லியா?… அதுவா கத்துகு?… அதுக்கு என்ன வந்தது, அது சும்மாத்தானே சுத்துகு… சும்மா சுத்துததுக்குத்தான் எண்ணெய் வேணுமா… எண்ணெய் விடுகோம் தாசையா. நித்தம் விடுகான். உன் குப்பியாலதான், உன் எண்ணெய்தான், உன் ஏணிதான்… எங்க விடுகானா? அந்த ஓட்டையில. சக்கரத்து நடுவுல, குடத்துமேல, நீ விடுவியே அந்த ஓட்டையில… எவ்வளவு குடிக்குன்னா?… லேய் ராஜமணி, ஓட்டையில எண்ணெய் எவ்வளவு எறங்குகு?… எறங்கலியா? பொறவு எங்கலேய் போகுகு?… தாசையா, வெளிய வழிஞ்சிருகுன்னு சொல்லுகான். சுவத்துல பூராவும் தெறிச்சிருக்கு. வயிறு நிறைஞ்சுட்டுன்னு நினைச்சு விட்டுட்டானாம்… சிரிக்காத. நீ சிரிக்கல்லியா? செரி… நிறுத்தணுமா? லேய், என்ஜினை நிறுத்து.”

என்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. எட்டு நாளைக்குப் பிறகு பகலில் முதல் தடவையாக அந்தத் தெருவில் சைக்கிள் மணி கேட்டது. சுவரேறிப் பார்க்கவில்லை என்றாலும் தாசில்தார் அந்தப்பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார் என்று பிள்ளைக்குத் தோன்றியது. மணி பத்து முப்பத்தைந்து.

“…ஏணியில ஏறிட்டான்… சக்கரத்த கையால திருப்பு லேய், ஓட்டைய மேல கொண்டா… என்ன இருக்கு?… என்னது?… திருப்பிச் சொல்லு.”

ராஜமணி ஏணியில் நின்றபடி சொன்னதைப் பிள்ளை உடனே டெலிபோனில் சொல்லவில்லை. ரிசீவர் காதில் இருந்தது. கண் மேலே இருந்தது. ஓட்டை இருக்கவேண்டிய இடத்தில் காய்ந்து கல்லாகிப்போன சந்தனம் இருந்தது. அதன் நடுவில் குங்குமம். எண்ணெய் பட்டுக் கறுத்துப்போய், அப்போதும் வட்டம் குலையாமல்.

அதை வைத்தது அவர்தான். ஆயுதபூஜை அன்றைக்கு என்ஜினுக்கும் மில்லுக்கும் தராசுக்கும் சாக்குத் தைக்கிற ஊசிக்கும்கூட மற்றவர்கள் பொட்டு வைத்தார்கள். மேலே இருக்கிற சக்கரங்களுக்கு மட்டும் மொதலாளிதான் வைக்கவேண்டும் என்று அவரே ஏணியில் ஏறினார். மோதிரவிரலால் சந்தனத்தை வழித்தெடுத்து எங்கே வைப்பது என்று தேடியபோது, சக்கரத்து நடுவில் ஒரு சின்னக் குழி பொட்டுக்கென்றே செய்து வைத்தாற்போல இருந்தது. அழுத்தி வைத்தார். அவர் கீழே இறங்கிய கையோடு தாசையன் பஞ்சுக்கழிவும் கையுமாக ஏணியில் ஏறி அந்தப் பொட்டைத் துடைக்கப்போனான். பதினாறு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை அங்கேயே திட்ட ஆரம்பித்தார்.

“…தாசையா… சந்தனம்… ஆமா, நான் வச்ச சந்தனந்தான்… ஓட்டை அடைச்சிருக்கு…”

“…நீ அன்னைக்கு அதத்தானா…”

“…நீ சொல்லவந்தியா?… வந்தே. ‘மொதலாளி, அதுல’ன்னு ஆரம்பிச்சே. நான்தான்… ம்… ம்…”

“…செரி, அத இப்பம் பேசவேண்டாம்னா வேண்டாம். நீயே சொல்லு, இப்பம் என்ன செய்யணும்?… ஆணி வேண்டாமா?… அப்பம்?… மெல்லிசா, வளையாததா… கொண்டை ஊசி? ஆங், கொண்டை ஊசி… ஏ, யாருகிட்ட கொண்டை ஊசி இருக்கு? ஞானபாயி, உன் ஊசியத் தா… தந்துட்டா. மூஞ்சியத் தூக்கி வச்சிட்டுத்தான் தந்தா, ஆனாத் தந்துட்டா… ராஜமணி, முதல்ல ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஊறவை… குத்திராதலேய். குத்தினா உள்ளபோயி புஷ்ஷுல உக்காந்திரும். தள்ளாத. கெளறி வெளிய எடு. பல்லுல சிக்கினத எடுக்க மாதிரி… வருகா?… வருகு தாசையா, துண்டு துண்டா வருகு… இன்னும் இருக்கு… அடியில ஒரு பூவிதழும் கெடக்காம்.”

மணி பத்து நாற்பத்திரண்டு. பிள்ளை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றார். வாசலில் ஏதோ கட்டைவண்டி நின்றதற்கு இன்ஸ்பெக்டர் என்று நினைத்துப் பாதி வார்த்தையை விழுங்கினார். நெல் மூட்டை வந்திருந்தது. போய் அப்புறம் வா என்று கையாலேயே துரத்தினார். வந்த நெல்லைத் துரத்துவது அவருடைய ஆயுசில் முதல் தடவை.

“…சுத்தமாயிட்டா?… ஊதிப் பாக்கணுமா?… ஊது லேய். வாயால ஊது… மறுபக்கம் காத்து வருகாம்… எண்ணெய் லேசா சூடு பண்ணி… ஞானபாயி, அந்தக் கஞ்சி அடுப்புல ஒரு நிமிஷம் இந்தக் குப்பிய வை… எறங்குகு. தாசையா, எறங்குகு, மடமடன்னு குடிக்கு, எட்டு நாள் பட்டினிப் புள்ள மாதிரி… இன்னும் விடு… கையால சுத்து… எத்தன சுத்து?… நாப்பது?… சுத்துலேய், எண்ணிச் சுத்து… பக்கவாட்டுல எண்ணெய் வந்தாச்சு… கறுப்பா… கறுப்புக்குள்ள ஏதோ மினுங்குகு… மஞ்சளா, பொடி மாதிரி… தாசையா?… ஏன் பேசமாட்டேங்கே?… ஹலோ?”

“…புஷ்ஷு தேஞ்சு வாறதா அது?… பித்தளையா?… செரி, அதப் பொறவு பாப்போம். இப்பம் என்ஜினைப் போடலாமா?… ராஜமணி, போடு.”

என்ஜின் உயிர்பெற்றது. டுக்கு, டுக்கு, டுக்கு. பெல்ட் ஒரு தடவை சிலிர்த்துவிட்டு ஓட ஆரம்பித்தது. மேலே சக்கரம் சுற்றியது. பிள்ளை அந்தக் கீய்ங்குக்காகக் காத்திருந்தார். வரவில்லை. இன்னொரு சுற்று. வரவில்லை. பெண்களில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளை ரிசீவரை ஜன்னல் வழியாக ஷெட்டுக்குள் நீட்டி, பேசாமல் பத்து எண்ணும் நேரம் வைத்திருந்தார்.

“…கேட்டியா?… ஒண்ணும் கேக்கலியா?… அதத்தான் கேக்கச் சொன்னேன்… தாசையா, உன் காது இருக்கே… வரணும் ஸார். வரணும், வரணும். இரிக்கணும். அய்யரே, ஸாருக்கு நாற்காலி போடும்… ஒரு மினிட்டு ஸார், ஃபோணில் ஒராளுண்டு.”

பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்ட இன்ஸ்பெக்டர் குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து நோட்டுப்புத்தகத்தை எடுத்து முழங்கால்மேல் விரித்தார். தலையைச் சாய்த்தார். கேட்கத் தொடங்கிவிட்டார். அரை மணி நேரம் இப்போதுதான் ஆரம்பிக்கிறது. பிள்ளை வாயையும் ரிசீவரையும் சேர்த்துக் கையால் பொத்திக்கொண்டு பேசினார்.

“…வந்துட்டாரு… ஆமா, உக்காந்துட்டாரு… பேனாவை எடுத்துட்டாரு, எழுதல்ல… சத்தமில்ல, ஒண்ணுமில்ல… என்னது?… எவ்வளவு நேரம் தாங்கும்?… தாசையா, அப்படிச் சொல்லாத… கால் மணியா?… பொறவு?… மறுபடியும் கத்துமா, இல்ல கத்தாம அப்படியே இறுகிப் புடிச்சிருமா?… புடிச்சா தண்டும் போயிருமா…”

எட்டு நாள் எண்ணெய் இல்லாமல் சுற்றியதில் சக்கரத்துக்குள் இருக்கிற பித்தளைப் புஷ் தேய்ந்து வரிவரியாகிவிட்டது. போதாததற்குப் பெல்ட்டை வெட்டி இறுக்கியதில் பாரம் முழுவதும் அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. புதுப் புஷ் வார்த்து, தண்டின் அளவுக்கு அரம் போட்டு ராவி, கையால் உட்காரவைக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் அந்தத் தண்டின் அளவைக் கைவிரலில் வைத்திருப்பவன் ஒரே ஒருவன். அவன் ரிசீவரின் மறுமுனையில் இருந்தான்.

“…வா தாசையா… இல்ல, கேளு. ஞாயித்துக்கிழமை உனக்கு லீவு. கோயிலுக்குப் போ, முழு நாளும் போ, நான் ஆளு விடமாட்டேன்… அது இல்லியா?… சம்பளமா?… அதுவும் இல்லியா… ராஜமணிய உன் கீழ விடுகேன், நீ என்ன சொன்னாலும்… ம்… ஷெட் சாவி உன் கையில… ம்… டெலிபோன் உன் ஷெட்டுலயே வைக்கேன்… செரி, அது விளையாட்டுக்குச் சொன்னேன்… அங்க நல்லாத்தான் பாக்கானுவளா… பேரு சொல்லிக் கூப்பிடுதானுவளா… ம்.”

பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒவ்வொன்றும் திரும்பி வந்தது. தாசையன் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிள்ளை பாதியாகக் குறைத்துக் கொடுத்து முடித்திருப்பார். எதையும் கேட்காதவனிடம் எதைக் குறைப்பது. ஆயுசில் இத்தனை பேரம் பேசியும் ஒருவன் வாய்திறந்து கேட்காத ஒன்றைத் தானே கண்டுபிடித்துக் கொடுக்கவேண்டிய நிலை அவருக்கு வந்ததில்லை. இன்ஸ்பெக்டரின் நோட்டுப்புத்தகம் வெள்ளையாக இருந்தது. மேலே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஞானபாய் கொண்டை அவிழ்ந்த தலையோடு தூணைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். பூஜை அன்றைக்கும் அந்தத் தூணருகேதான் நின்றாள்.

“…வச்சிராத தாசையா… வச்சிராதேயும். ஒரு நிமிஷம் லைன்ல இரும்… ஆமா, உம்மத்தான் சொல்லுகேன்… நான் இங்க சொல்லுததக் கேட்டுட்டுப் பொறவு வையும்.”

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ‘நீ’ ‘நீரு’ ஆனதைப் பஞ்சாபகேசய்யர் கவனித்தார். கையிலிருந்த கணக்குப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். பிள்ளை ரிசீவரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். என்ஜின் சத்தத்துக்கு மேலே தொண்டையை உயர்த்தினார். இன்ஸ்பெக்டரைப் பார்க்காமல் முறங்களைப் பார்த்துப் பேசினார்.

“எல்லாரும் கேளுங்க. பூஜை அன்னைக்கு தாசையன் மேஸ்திரிய உங்க எல்லாரு முன்னாலயும் வச்சு ‘லேய்’னு சொன்னேன். வேதக்காரன் கை என்ஜின்ல படக்கூடாதுன்னு சொன்னேன். இன்னும் என்னெல்லாமோ சொன்னேன், உங்களுக்குத் தெரியும். அவரு சாமியத் தொடைக்கல்ல. எண்ணெய் போற வழியத் தொடச்சாரு. அந்த வழிய அடைச்சவன் நான். தப்பு எனக்கு. அவரு கை படாம இந்த என்ஜினு பன்னெண்டு வருஷம் ஓடல்ல, இனியும் ஓடாது. அவ்வளவுதான்.”

டுக்கு, டுக்கு என்றது என்ஜின். பின்சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பிள்ளை தூக்கிய கையை இறக்கி, வேர்த்துப்போன ரிசீவரைக் காதில் வைத்தார்.

“…கேட்டீரா?… தாசையா?… ஹலோ… ஹலோ…”

ரிசீவர் வெறும் மரக்கட்டையாக இருந்தது. எக்ஸ்சேஞ்சுக்காரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு லைனைப் பிடுங்கிவிட்டான். எப்போது பிடுங்கினான் என்று தெரியவில்லை. பஞ்சாபகேசய்யர் போதும், சொல்லியாயிற்று, மானம் போனது போனதுதான், உட்காருங்கள் என்று கையாலேயே ஜாடை காட்டினார். மில் முழுக்கக் கேட்டாயிற்று, தாசில்தாருக்குக்கூடக் கேட்டாயிற்று. கேட்கவேண்டியவன் ஒருவன் மட்டும்தான் பாக்கி. பிள்ளை உட்காரவில்லை. டெலிபோன் கொக்கியைப் படபடவென்று தட்டினார்.

“…ஸாரே… அதே. இப்போள் ஸம்ஸாரிச்ச அதே ஸ்தலம். தம்பானூர் ஐஸ் கம்பெனி… அறியாம் ஸாரே, வளரெ நேரமாயி, அறியாம்… ஒரு காரியம் பாக்கியுண்டு… ஏ, யாரும் போகாதீங்க. அங்கனயே நில்லுங்க. ஞானபாயி, நில்லு… ஹலோ, ஐஸ் கம்பெனியா?… தாசையன் மேஸ்திரி… டெலிபோன் பக்கத்துலயே நிக்காரா?… குடும்.”

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது. சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. ஆனால் சுற்றில் ஒரு சின்னத் தள்ளாட்டம் தெரிவதாகப் பிள்ளைக்குப் பட்டது.

“…நான்தான்… லைனைப் புடுங்கிட்டானுவ… எதுவரைக்கும் கேட்டீரு?… வேதக்காரன் கை படக்கூடாதுங்கது வரைக்குமா?… அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல்லியா…”

“…செரி. வச்சிராதேயும். அதுக்கு மேலதான் விஷயம் இருக்கு. சொல்லுகேன், கேளும். எல்லாரும் இங்கதான் நிக்காவ. சத்தமாத்தான் சொல்லுகேன். நீரு சாமியத் தொடைக்கல்ல. எண்ணெய் போற வழியத் தொடச்சீரு. அடைச்சவன் நான். தப்பு என் மேலதான் மேஸ்திரி.”

“…ஹலோ?… இருக்கீரா?… ம்… இன்னைக்கே வாறீரா?… ம்… என்னது?… நிறுத்தணுமா? இப்பமா?… இன்ஸ்பெக்டர் உக்காந்திருக்காரே மேஸ்திரி. இன்னும் இருவது நிமிஷம் இருக்கு… நடுவுல நிறுத்தினா என்ன நினைப்பாரு… சுத்து மாறிட்டா? உமக்கு அங்கன கேக்கா?… இனி ஒரு நிமிஷம் ஓடினாலும் தண்டப் புடிச்சிருமா… ம்.”

பிள்ளை இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். மேலே சக்கரத்தைப் பார்த்தார்.

“ராஜமணி, நிறுத்து. ஏம்லேய் முழிக்கே, மேஸ்திரி சொல்லியாச்சு… ஸார், க்ஷமிக்கணும். மேலே ஒரு புஷ் போயி. அதாணு சத்தம் வந்நது, ஸத்யம் பறயாம். இன்னு ஓடிச்சால் நாசமாகும். மேஸ்திரி இன்னு மாற்றும். ஸார் நாளை காலத்து வந்நு ஒரு மணிக்கூறு இரிக்கணும். அர மணிக்கூறு போரா, போதாது… வளரெ சந்தோஷம் ஸார். ஒன்பது மணிக்கு… அய்யரே, ஸாரோட குடைய எடுத்துக் குடும்.”

“…மேஸ்திரி?… நின்னாச்சு… நாளைக்கு ஒம்பதுக்கு வாறேங்காரு. நோட்டுல தேதி மட்டுந்தான் எழுதினாரு… எத்தன மணிக்கு வாறீரு?… ரெண்டா?… சாப்பிட்டுட்டா? இங்க வந்து சாப்பிடும்… செரி, சாப்பிட்டுட்டே வாரும்… பித்தளை எவ்வளவு வேணும்?… மெழுகு?… வாங்கி வைக்கேன்… இல்ல, தொடமாட்டேன். யாரும் தொடமாட்டாவ. ஏணியக் கூட எடுத்து வச்சிருகேன்… ஆமா… ஆமா… வையும்.”